நரம்பு வலிக்கு வலிப்பு மாத்திரை: கடற்கரை வாசகர் கேள்விகள்

காபாபென்டின், பிரீகாபலின், கார்பமசெபின். மூன்றும் வலிப்பு நோய்க்கான மருந்துகள். மூன்றும் நரம்பு வலிக்கும் எழுதப்படுகின்றன. மருந்துக் கடையில் மூன்றுக்கும் ‘நரம்பு மாத்திரை’ என்று ஒரே பெயர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கீழே வரும் அளவுகள் உங்கள் கையில் இருக்கும் சீட்டைப் புரிந்துகொள்வதற்கு. அளவை மாற்றுவது எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை.

“சர்க்கரை பன்னிரண்டு வருஷமா இருக்கு. ராத்திரியானா உள்ளங்கால் மிளகாய் அரைச்சுத் தேய்ச்ச மாதிரி எரியுது. டாக்டர் காபாபென்டின் எழுதினார். கடைக்காரர் இது ஃபிட்ஸ் மாத்திரைன்னு சொல்றார். எனக்கு ஃபிட்ஸ் இல்லையே?” (ஏர்வாடி)

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. அடிபட்டால் வரும் வலி, காயத்திலிருந்து நரம்பு கொண்டுவரும் செய்தி. உங்களுக்கு இருப்பது, நரம்பே கெட்டுப்போய்க் காரணமில்லாமல் அனுப்பும் செய்தி. அதனால்தான் பாராசிட்டமால் போட்டும் எரிச்சல் அடங்குவதில்லை. நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாசல் ஒன்று உண்டு. காபாபென்டினும் பிரீகாபலினும் அந்த வாசலில் ‘ஆல்ஃபா-2-டெல்டா’ என்ற பகுதியில் ஒட்டிக்கொண்டு, வலிச் செய்தி கடத்தும் பொருள்கள் கொட்டுவதைக் குறைக்கின்றன. மூளையில் இதே வேலை நடந்தால் வலிப்பு அடங்கும், வலிப்பாதையில் நடந்தால் எரிச்சல் அடங்கும்.

வழக்கமான தொடக்கம்: முதல் நாள் இரவு 300 மி.கி., இரண்டாம் நாள் இரண்டு வேளை, மூன்றாம் நாள் மூன்று வேளை. வயதானவர்களுக்கு இந்த வேகம் அதிகம். இரவு 100 மி.கி.யில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவதே நல்லது. நாளுக்கு 1800 வரை போவது உண்டு, உச்ச வரம்பு 3600. மொத்தத்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் பயனில்லை. குடல் ஒரு நேரத்தில் குறிப்பிட்ட அளவுதான் காபாபென்டினை உறிஞ்சும். மிச்சம் வீணாக வெளியேறும். மூன்று வேளையாகப் பிரிப்பது அதற்காகத்தான். நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்து குடிப்பவர்கள் அதன்பின் 2 மணி நேரம் விட்டுப் போடவும்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நரம்பு வலியில் பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஏறக்குறைய நான்கு பேருக்கு வலி பாதியாகக் குறைகிறது. மருந்தே இல்லாத மாவு மாத்திரைக்கும் இரண்டு பேருக்கு அப்படிக் குறையும். சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் போட்டும் மாற்றமில்லை என்றால், அந்த மருந்து உங்களுக்கு இல்லை. வருஷக்கணக்கில் இழுக்க வேண்டாம். இன்னொன்று: சர்க்கரைக்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கு பி12 குறையலாம், அதனாலும் கால் எரியும். அந்த ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

“பிரீகாபலின் 75, காலையும் இரவும். விசைப்படகு டிரைவர் நான். ரெண்டாம் நாளே வலை இழுக்கிற வின்ச் பக்கத்துல நிக்கும்போது கிறுகிறுன்னு வந்துச்சு. மாத்திரையை நிப்பாட்டிட்டுக் கடலுக்குப் போகவா, கடலை நிப்பாட்டிட்டு மாத்திரை போடவா?” (பாம்பன்)

கிறுகிறுப்பு, தூக்கம், தள்ளாட்டம், கண் மங்கல் எல்லாம் இந்த மருந்தோடு சேர்ந்தே வருபவை. தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரமும், அளவு ஏற்றும் ஒவ்வொரு முறை சில நாட்களும் அதிகமாக இருக்கும். பிறகு பலருக்கு உடம்பு பழகிவிடும். ஆகவே கேள்வி எந்த நாளில் தொடங்குவது என்பது. கரையில் இருக்கும் நாட்களில் தொடங்கவும், ஏற்றவும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு வாகான நேரம். அதுவரை பொறுக்க முடியாத வலி என்றால், பத்து நாளாவது கரையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் போட்டால் பிரீகாபலின் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும். சாப்பாட்டோடு போட்டால் அதே மருந்து மெதுவாக, சுமார் மூன்று மணி நேரத்தில் ஏறும். கிறுகிறுப்புக்காரர்கள் சாப்பாட்டோடு போடுவது மேல். பாதி மருந்து வெளியேற ஆறு மணி நேரம் ஆகும். ‘இரவு’ என்று சீட்டில் எழுதியிருப்பது தூங்குகிறவனின் இரவு. காலையில் மீன்பிடி அனுமதி டோக்கன் எடுத்துக் கிளம்பி மறுநாள் கரை திரும்புகிறவருக்கு இரவுதான் வேலை நேரம். நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள், எப்போது சுக்கான் பிடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மணி நேரத்தோடு சொல்லுங்கள். பெரிய வேளையை உங்கள் தூக்கத்துக்கு முன்னால் மாற்றி வைக்க முடியும். இலங்கை எல்லைக்கோடு கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலில், டிரைவர் கண் அயர்வது அவர் ஒருவரின் பிரச்சினை இல்லை.

கிறுகிறுப்பு அடங்கும்வரை சுக்கான், வின்ச், இருசக்கர வண்டி மூன்றும் வேறொருவர் கையில் இருக்கட்டும். மிதவை அங்கி உங்கள் மேல் இருக்கட்டும். பயணத்துக்கு வேண்டியதைவிட இரண்டு நாள் மருந்து கூடுதலாக எடுத்துப் போங்கள். காரணம் கீழே இன்னொரு பதிலில் வருகிறது.

“அம்மாவுக்கு வயசு 68, எடை 50 கிலோ. கிரியாட்டினின் 1.6. காபாபென்டின் 300 மூணு வேளை கொடுக்கிறோம். நாலு நாளா தூங்கி வழியறாங்க, கையில இருக்கிற டம்ளர் திடீர்னு வெட்டி விழுது. பக்கவாதமா?” (உச்சிப்புளி)

பக்கவாதம் இல்லை என்பதை நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும், இன்றைக்கே காட்டுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் வேறொரு காரணம் பளிச்சென்று தெரிகிறது.

காபாபென்டின், பிரீகாபலின் இரண்டையும் ஈரல் உடைப்பதில்லை. சிறுநீரகம்தான் அப்படியே வெளியேற்றுகிறது. அது பாதி வேலை செய்தால் மருந்து இரண்டு மடங்கு தங்கும். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு) 1.6 என்பது காகிதத்தில் ‘கொஞ்சம் அதிகம்’ போலத் தெரியும். மெலிந்த, வயதான பெண்ணுக்கு அது கொஞ்சமில்லை. கணக்கு இப்படி: 140-இலிருந்து வயதைக் கழிக்கவும், 72. எடையால் பெருக்கவும், 3600. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கவும், 3060. இதை 72 × 1.6, அதாவது 115-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27. அம்மாவின் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 27 மில்லி.

இந்தத் திறன் 30-க்கும் 59-க்கும் நடுவில் இருந்தால் காபாபென்டின் நாளுக்கு 400 முதல் 1400 வரை, இரண்டு வேளையாக. 15-க்கும் 29-க்கும் நடுவில் 200 முதல் 700 வரை, ஒரே வேளை. அம்மாவுக்குப் போவது 900. தூக்கமும் கை வெட்டலும் மருந்து தேங்கியதன் அடையாளமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அடுத்த வேளையைக் கொடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பிரீகாபலினுக்கு மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதற்கும் இதே விதிதான். இவருக்கு அதில் நாளுக்கு 150-க்கு மேல் கூடாது, தொடக்கம் 25.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கணக்கு தனி. டயாலிசிஸ் மருந்தையும் வெளியே இழுத்துவிடும் என்பதால், அது முடிந்தபின் ஒரு வேளை கொடுப்பார்கள்.

கடற்கரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துவிட்டு, மேல்வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால், போன வருஷத்துக் கிரியாட்டினினை நம்பாதீர்கள். புதிதாக எடுத்துப் பாருங்கள்.

“நோன்பு வருது. மூணு வேளை மாத்திரையை எப்படிப் போட?” (கீழக்கரை)

காபாபென்டின் மூன்று வேளையை நோன்பு திறக்கும்போதும் (இஃப்தார்) விடியலுக்கு முந்தைய சஹர் உணவிலும் இரண்டாகச் சேர்த்து நீங்களே விழுங்கிவிடாதீர்கள். இஃப்தாரில் ஒன்று, தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து ஒன்று, சஹரில் ஒன்று என்று வைக்கலாமா என்று கேளுங்கள். இடைவெளி 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது வலிப்புக்காகப் போடுபவர்களுக்கான விதி. அவர்கள் கேட்காமல் நேரத்தை மாற்றவே கூடாது. வலிக்குப் போடுபவர்களுக்குக் கொஞ்சம் இளக்கம் உண்டு. பிரீகாபலின் இரண்டு வேளை என்பதால் நோன்போடு ஒத்துப்போகும். மாற்றுவதென்றால் நோன்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மாற்றிப் பழகிவிடுங்கள். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது மேலே சொன்ன சிறுநீரகக் கணக்கையும் தொடும். கிரியாட்டினின் ஏறியவர்கள் முதலில் அதைப் பேசுங்கள்.

“மாத்திரை தீர்ந்துபோச்சு, அஞ்சு நாள் போடல. வேர்த்து ஊத்துது, தூக்கமே இல்ல, நெஞ்சு படபடங்குது. வலிதான் குறைஞ்சுபோச்சே, அப்படியே விட்டுடலாம்னு பார்த்தேன்.” (மண்டபம்)

வேர்வை, தூக்கமின்மை, குமட்டல், பதற்றம் எல்லாம் காபாபென்டினையோ பிரீகாபலினையோ சட்டென நிறுத்தியதால் வருபவை. வலிப்பே வராதவருக்கும் இப்படி நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். குறைந்தது ஒரு வாரம் எடுத்துக் குறைக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு இன்னும் மெதுவாக: காபாபென்டினில் நான்கு நாளுக்கு 300-க்கு மேல் குறைக்காமல், பிரீகாபலினில் வாரத்துக்கு 50 முதல் 100-க்கு மேல் குறைக்காமல். ஐந்து நாள் விட்டபின் பழைய முழு அளவை ஒரேயடியாகத் தொடங்காதீர்கள், பழகிய உடம்பு இப்போது பழகாத உடம்பு. மருத்துவரைப் பார்த்துத் தொடக்க அளவைக் கேளுங்கள்.

ஒரே ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

“அப்பாவுக்கு விலாவில் அக்கி. அக்கி எழுதியாச்சு. கொப்புளம் காய்ஞ்சும் நாலு மாசமா சட்டை பட்டாலே துடிக்கிறார்.” (தொண்டி)

காவி மண்ணைக் குழைத்து எழுதுவது தோலுக்குக் குளுமையாக இருக்கலாம். உள்ளே நரம்பில் இருக்கும் கிருமியை அது தொடாது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கியிருக்க வேண்டும் (பெரியவர்களுக்கு 800 மி.கி., நாளுக்கு ஐந்து முறை, ஏழு நாள்). எழுதப் போய் நாலு நாள் கழிவதுதான் உண்மையான நஷ்டம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது அப்பாவுக்கு இருப்பது அக்கிக்குப் பின்வரும் நரம்பு வலி. காபாபென்டினும் பிரீகாபலினும் முதல் வரிசை மருந்துகளில் உள்ளவை. ஒரு எச்சரிக்கை: பிரீகாபலினோடு நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து 10 மி.கி. கலந்த மாத்திரைகள் நிறைய வருகின்றன. சிறுநீர் சரியாகப் போகாத முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அந்தக் கலவை தொந்தரவு. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைவிட அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இரண்டு மருத்துவர் இரண்டு பெயரில் ஒரே மருந்தை எழுதியிருப்பதும் அங்கேதான் தெரியவரும்.

“பல் தேய்க்கும்போது கன்னத்துல கரண்ட் அடிக்கிற மாதிரி வலி. கார்பமசெபின் 100, ரெண்டு வேளை. இதுவும் அதே மாத்திரைதானே?” (தேவிபட்டினம்)

இல்லை. முகநரம்பு வலிக்கு இதுதான் முதல் மருந்து, நன்றாகவும் கேட்கும். ஆனால் குணம் வேறு. தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மெதுவாகக் குறைக்கும் விதி இங்கே செல்லாது. தோல் உரியும் அந்த எதிர்வினை உயிரைக் குடிக்கக்கூடியது. அதற்கு ஆளாகக்கூடியவர்களை ஹெச்.எல்.ஏ.-பி 1502 என்ற ரத்தப் பரிசோதனை ஓரளவு காட்டும். இந்த மருந்து ரத்தத்தில் சோடியத்தையும் குறைக்கும். வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால் அதை நினையுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபாரின், கருத்தடை மாத்திரை இரண்டின் வேலையையும் கெடுக்கும்.

“வலை இழுத்து இடுப்பு போச்சு, வலி பிட்டத்துல இருந்து கால் வரைக்கும் இறங்குது. பிரீகாபலினும் டிராமடாலும் போடுறேன். சாயங்காலம் கொஞ்சம் சரக்கும் உண்டு.” (மூக்கையூர்)

மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு அடங்கிப்போகலாம். குறட்டை விடுபவர், ஆஸ்துமாக்காரர், முதியவர் என்றால் ஆபத்து இன்னும் கிட்டத்தில். சரக்கை முதலில் நிறுத்துங்கள், டிராமடால் என்ற வலுவான வலி மருந்து பற்றி மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். இன்னொரு விஷயம்: இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இந்த வலிக்கு பிரீகாபலின் மாவு மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பயனில்லாத மருந்துக்காகக் கிறுகிறுப்பைச் சுமக்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். கால் பலவீனமாகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் காத்திருக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு.

“பிரீகாபலின் போட்டதிலிருந்து கணுக்கால் வீங்குது, எடையும் கூடுது.” (சாயல்குடி)

இரண்டும் இந்த மருந்தால் வரும். சர்க்கரைக்கு பயோகிளிட்டசோனும் போடுகிறீர்களா என்று பாருங்கள், அதுவும் நீர் கோக்கவைக்கும். படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கியபின் மனம் காரணமில்லாமல் இருண்டுபோவதும் சிலருக்கு நடப்பது. வீட்டில் சொல்லுங்கள், மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம்.

“உப்புக்காத்துல கேப்சூல் பிசுபிசுன்னு ஒட்டுது.” (ராமேஸ்வரம்)

அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறீர்கள். போடும்போது மட்டும் பிரியுங்கள். படகில் திருகுமூடி டப்பாவில், அட்டையோடு, இன்ஜின் சூடு படாத இடத்தில்.

“பாசி எடுக்கப் போறவ நான். சர்க்கரையும் இருக்கு. மாத்திரையில எரிச்சல் போயிடுச்சு, கால் சரியாயிடுச்சுன்னு நினைக்கிறேன்.” (சின்னப்பாலம்)

எரிச்சல் போனது மருந்தால். உணர்ச்சி திரும்பியதா என்பது வேறு கேள்வி. இந்த மருந்து கெட்ட நரம்பைப் புதுப்பிக்காது. கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் ஒருவர் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை விரலால் மெல்லத் தொடட்டும், தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாறையும் சிப்பியும் கிழிப்பது உங்களுக்குத் தெரியாது. கடலில் இறங்கும்போது கெட்டியான அடியுள்ள ரப்பர் செருப்பு, வாருடன். ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு ஈரத்தைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். வலிக்காத வெட்டுக்காயம் என்றாலும் அன்றே காட்டுங்கள். கிறுகிறுப்பு இருக்கும் நாளில் முங்க வேண்டாம், தனியாக ஒருபோதும் வேண்டாம்.