அம்மாவின் அசிட்ரோமை யார் நிறுத்தச் சொன்னது?

வால்வு மாற்றும்போதே இதயத்தில் 'சூடு வைப்போம்' என்று சர்ஜன் சொல்கிறாரே, அம்மாவுக்குத் தாங்குமா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: ஈறில் ரத்தம் கசிந்ததால் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையைப் பத்து நாளாகக் கொடுக்கவில்லை. என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான்.

ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிப்போன மைட்ரல் வால்வு, கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான துடிப்பு. இரண்டும் சேர்ந்தால் இடது மேலறையில் ரத்தம் தேங்கும். அந்த அறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பை இருக்கிறது, ரத்தம் உறைவது பெரும்பாலும் அதற்குள்தான். அதிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஈறில் கசிந்தால் செய்ய வேண்டியது ஐஎன்ஆர் பரிசோதனை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. அதைப் பார்த்து அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று உங்கள் டாக்டர் சொல்வார். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு டாக்டர்கள் நாங்களே நிறுத்துவோம், ஆனால் எந்த நாள், நடுவில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் டாக்டர்களின் கணக்கு. அதற்குள் வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, 'படுத்து எழுந்தால் சரியாகும்' என்று காத்திருக்காமல் உடனே 108.

சரி, சூடு விஷயம். 1987இல் ஜேம்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்க சர்ஜன் 'மேஸ்' எனப்படும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது மேலறையைக் கத்தியால் வெட்டித் தைத்தார். இப்போது சூட்டாலோ கடுங்குளிராலோ கோடு போடுகிறோம். கோடு தழும்பாகிவிடும், தழும்பு வழியாக மின்சாரம் பாயாது, அதனால் கண்டபடி சுற்றும் துடிப்புக்கு வழி அடைபடும். இது மேலறை வேலை. உடம்புக்கு ரத்தம் தள்ளும் கீழறையில் கோடு போடுவதில்லை. பேஸ்மேக்கர் சிலருக்குத் தேவைப்படும், உண்மைதான், அதற்காக யூடியூப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் மூன்று மாதம் துடிப்பு அவ்வப்போது தடுமாறினால் சிகிச்சை தோற்றுவிட்டது என்றும் அர்த்தமில்லை.

சர்ஜனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பையையும் அடைப்பீர்களா? அதை அடைத்தவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2021இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அவர்களிலும் பெரும்பாலோர் மாத்திரையை விடவில்லை. உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு.

இப்போதே மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டருக்கு போன் செய்யுங்கள், எத்தனை மில்லிகிராம் என்று கேட்பார்.