வயலில் உப்பு பூக்கிறது: ஜிப்சம் போட்டால் போதுமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு இரண்டு ஏக்கர், வாய்க்கால் பாசனம், தண்ணீர் குறைந்தால் போர். வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் அரை ஏக்கர் அளவுக்கு மூன்று வருஷமாக பார் உச்சியில் வெள்ளையாக உப்பு பூக்கிறது. வெங்காயம் கருகிப்போனதால் பருத்திக்கு மாறிவிட்டேன், அது சுமாராக வருகிறது. ஜிப்சம் போடலாமா? பழைய ஈராக் நாகரிகமே இப்படி உப்பால்தான் அழிந்தது என்று மகன் சொல்கிறான், உண்மையா?

பதில்: வணக்கம் ஐயா. மகன் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வெங்காயத்தை விட்டுப் பருத்திக்கு நீங்கள் போனதும், பழைய தெற்கு ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்கள் அன்றைக்குச் செய்ததும் ஒரே வேலைதான்.

தெற்கு ஈராக் தட்டையான பூமி, மழை மிகக் குறைவு, எல்லாமே யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளின் வாய்க்கால் தண்ணீர். ஆற்று நீரில் கொஞ்சம் உப்பு எப்போதும் இருக்கும், நாக்கில் வைத்தால்கூடத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள தண்ணீரை ஒரு போகத்துக்கு மொத்தம் 50 செ.மீ. உயரம் பாய்ச்சினால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டன் உப்பு வயலுக்குள் வந்துவிடுகிறது. தண்ணீர் வெயிலில் ஆவியாகிறது, உப்பு எங்கே போகும்? கசிவு நீர் வடிய வழியில்லாமல் நிலத்தடி நீர் மேலே ஏறியது, ஆறடிக்குள் வந்துவிட்டால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மண் அதை இழுத்து மேலே கொண்டுவந்து உப்பை மட்டும் விட்டுவிடும். உங்கள் பார் உச்சியில் பூப்பது அதுதான்.

அவர்களும் முதலில் பயிரைத்தான் மாற்றினார்கள். கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறைய சரிபாதி. கி.மு. 2100-க்குள் கோதுமை நூற்றுக்கு இரண்டு பங்காகச் சுருங்கியது, காரணம் பார்லி உப்பை அதிகம் தாங்கும். அப்புறம் அந்தப் பார்லியும் இறங்கியது. 1958-இல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் களிமண் பலகைக் கணக்குகளை வைத்துச் சொன்னது: கி.மு. 2400-இல் ஹெக்டேருக்குச் சுமார் 2,500 லிட்டர் தானியம், கி.மு. 1700-இல் சுமார் 900. இந்த எண்களை ஒத்துக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு. உப்பு மட்டுமே அவர்களை வீழ்த்தியது என்று நானும் சொல்லமாட்டேன். வறட்சி இருந்தது, கி.மு. 2004 வாக்கில் சுமேரியரின் உர் நகரைச் சூறையாடியவர்கள் கிழக்கே இன்றைய ஈரான் பக்கத்து ஏலமியர்கள். ஆனால் களஞ்சியம் காலியான ஊருக்குப் படையெடுப்பைத் தாங்கப் பலம் ஏது?

என் மனதை உறுத்துவது வேறொன்று. அங்கே ஒரு வருஷம் பயிர், ஒரு வருஷம் தரிசு என்று விடுகிற வழக்கம் உண்டு. தரிசில் நம் வன்னி மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு முட்செடி முளைக்கும், அதன் ஆழமான வேர் அடிமண் ஈரத்தை உறிஞ்சி நீர்மட்டத்தை இறக்கிவிடும், அடுத்த பாசனத்தில் உப்பு கீழே இறங்கும். தானிய வரி, கூடுதல் விளைச்சல் என்ற நெருக்கடியில் தரிசைச் சுருக்கியபோது அந்த வழியும் அடைபட்டது.

சரி, உங்கள் அரை ஏக்கருக்கு வருவோம். உப்பு பூத்த இடத்தில் ஆறடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதில் தண்ணீர் ஊறி நின்றால் ஜிப்சத்துக்குச் செலவழிக்கும் முன்னால் வாய்க்கால் ஓரமாக ஒரு கசிவுநீர் வடிகால் வெட்டுங்கள், பள்ளத்துத் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும், வடிகால் இல்லாமல் என்ன போட்டாலும் வீண். கூடவே மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். பி.எச். (கார அமில அளவு) 8.5-க்குக் கீழே, இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து அளவு) 4-க்கு மேலே என்றால் அது உவர் நிலம். அதற்கு ஜிப்சம் தேவையில்லை, பாத்தி கட்டி நல்ல வாய்க்கால் தண்ணீரைத் தேக்கி வடித்தால் உப்பு கரைந்து போகும். பி.எச். 8.5-க்கு மேல் இருந்தால் சோடியம் மிகுந்த களராக இருக்கலாம், அப்போதுதான் ஜிப்சம், அதுவும் ஆய்வகம் சொல்லும் அளவில். அப்புறம் ஒரு போகம் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுங்கள்.

பருத்தி இப்போதைக்கு இருக்கட்டும், ஆனால் அது வருகிறதே என்று வடிகாலைத் தள்ளிப்போடாதீர்கள். குழியில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் பரிசோதனை முடிவையும் எழுதுங்கள், ஜிப்சம் வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.