மலை ரயிலுக்கு மாதத் தவணையா?

கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். மனைவி மேட்டுப்பாளையத்துக்காரர், மார்ச் இறுதியில்தான் இங்கு வந்து சேர்ந்தார். அக்டோபர் மூன்றாம் வாரம் எங்கள் முதல் திருமண நாள். ஊட்டி ரயிலைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் சுவிட்சர்லாந்தில் ஒரு மலை ரயிலில் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு பயண நிறுவனத்தின் வார இறுதித் திட்டம் எங்கள் இருவருக்கும் சேர்த்து 1,680 யூரோ. போக, வர ரயில், சூரிச்சில் இரண்டு இரவு, சனிக்கிழமை யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் டிக்கெட் எல்லாம் அதில் அடங்கும்; சாப்பாடு தனி. மாதம் 149 யூரோ வீதம் 12 தவணையாகவும் கட்டலாம் என்கிறார்கள். அவசரத் தேவைக்கென்று 6,000 யூரோ வைத்திருக்கிறேன். இந்தியாவில் கல்விக் கடன் 9 லட்சம் ரூபாய் பாக்கி, வட்டி 10.5 சதவீதம். தவணையில் போகலாமா, சேமிப்பிலிருந்து எடுக்கலாமா, கடன் முடியும்வரை தள்ளிப்போடலாமா?

— வாசகர், மியூனிக்

பதில்: தள்ளிப்போடாதீர்கள். ஒன்பது லட்சம் முடிய இன்னும் சில ஆண்டுகள் ஆகும். புது ஊருக்கு வந்து, மொழி தெரியாமல், பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் வாய் திறந்து கேட்ட ஆசை இது. அதை வட்டிக் கணக்கு சொல்லி மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தத் திட்டத்தில் போக வேண்டாம், தவணையில் நிச்சயமாக வேண்டாம்.

முதலில் தவணை. 149 யூரோவைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,788. கூடுதல் 108 யூரோதானே, ஆறரை சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. முழு 1,680 யூரோவும் ஆண்டு முழுவதும் உங்களிடம் இருக்கப்போவதில்லை. அதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 12 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கல்விக் கடனைவிடக் கூடுதல் வட்டிக்கு, மூன்று நாள் பயணத்துக்காகக் கடன் வாங்குகிறீர்கள். அந்த 6,000 யூரோவையும் தொடாதீர்கள். ஒருவர் சம்பளத்தில் நடக்கும் குடும்பம் உங்களுடையது. ஊரிலிருந்து நள்ளிரவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் விமான டிக்கெட் எடுக்க வேண்டிய பணம் அது.

இனி திட்டத்துக்கு வருவோம். சூரிச்சில் தங்கி யுங்ஃப்ராவ்யோக் போக மட்டும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்பவும் அவ்வளவுதான். உங்கள் சனிக்கிழமை ரயிலிலேயே கழியும். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையம் அற்புதமான இடம், மறுக்கவில்லை. ஆனால் ஆளுக்கு 200 சுவிஸ் பிராங்குக்கு மேல் போகும் டிக்கெட்டைப் பல மாதம் முன்பே ஒரே தேதிக்குக் கட்டிப்போடுகிறார்கள். அன்று மேகம் வந்தால்? நானும் ஒருமுறை அப்படி முன்கூட்டியே டிக்கெட் எடுத்து ஒரு சிகரத்துக்குப் போனேன். பார்வை மேடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கம்பிக்கு அப்பால் வெள்ளைச் சுவர். மனைவியின் சால்வையில் நீர்த்துளிகள் முத்து முத்தாகக் கோத்திருந்தன. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு இறங்கிவிட்டோம். அன்று முதல் மலைப் பயணம் பற்றிக் கேட்பவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: மேகம் வந்தாலும் வீணாகாத டிக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்படி ஒரு டிக்கெட் இருக்கிறது. பெயர் சேவர் டே பாஸ். ஒரு நாள் முழுவதும் பெரும்பாலான சுவிஸ் ரயில், பஸ், ஏரிப் படகுகளில் ஏறலாம். ஆறு மாதம் முன்பிருந்தே விற்கிறார்கள்; ஆளுக்கு 50 சொச்சம் பிராங்கில் தொடங்கி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மூன்று நாள் சுவிஸ் டிராவல் பாஸ் 240 பிராங்குக்கு மேல். உங்களுக்கு ஒரு நாள்தான் ஊர் சுற்றும் நாள் என்பதால் அது வேண்டாம். பாதிக் கட்டண அட்டையின் விலையும் ஒரே மலைக்குக் கட்டுபடியாகாது.

சூரிச்சுக்குப் பதில் லூசெர்னில் தங்குங்கள். சூரிச்சிலிருந்து முக்கால் மணி நேர ரயில் பயணம்தான். சனிக்கிழமை காலை அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் வீட்ஸ்நாவ். படகுத்துறைக்கு எதிரிலேயே ரீகி மலை ரயில் நிற்கும். 1871-இல் ஓடத் தொடங்கிய ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் அதுதான். அமைத்தவர் நிக்லாவுஸ் ரிகன்பாக். ஏறுவதற்கு முன் மனைவியைத் தண்டவாளத்துக்கு நடுவே பார்க்கச் சொல்லுங்கள். ஏணியைப் படுக்க வைத்ததுபோல ஒரு இரும்புப் பாதை இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதன் படிகளைக் கவ்வித்தான் மேலேறுகிறது. ரிகன்பாக்கிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் பின்னாளில் வேறு வகைப் பல்சட்டத்தை உருவாக்கினார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் நீலகிரி ரயிலைத் தூக்கிச் செல்வது அந்த ஆப்ட் முறைதான். அந்தப் பாதையின் பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. மேட்டுப்பாளையத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான மலை ரயில் எனக்குத் தெரியவில்லை. நம்முடையது பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறுகிறது என்றால், ரீகி மிகச் செங்குத்தான இடத்தில் நான்கடிக்கு ஓரடி ஏறும்.

உச்சியில், 1,798 மீட்டரில், ஏரிகளும் பனி மூடிய சிகரங்களின் வரிசையும் தெரியும். இறங்கும்போது மறுபக்கம் ஆர்த்-கோல்டாவுக்கு இறங்கி, ரயிலில் லூசெர்ன் திரும்புங்கள். தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் ஆளுக்கு 100 பிராங்கைத் தாண்டும் இந்தச் சுற்று முழுவதும் அந்த பாஸிலேயே அடங்கிவிடும்.

அக்டோபரில் ஒன்றை மறக்காதீர்கள். ஹோட்டல் ஜன்னலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் ஏரி முழுவதும் மூடுபனியில் கிடக்கும்போது, மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கீழே பஞ்சுக் கடல் விரிந்திருக்கும். உச்சியின் நேரலைக் கேமரா படத்தைக் காலையில் கைபேசியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேலேயும் மேகம் என்றால், அதே பாஸில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கம் வழியாகத் தெற்கே லுகானோ போய்விடலாம். இரண்டு மணி நேரம்தான். ஆல்ப்ஸுக்கு வடக்கே மழை பெய்யும் பல நாட்களில் தெற்கே வெயில் இருக்கும். ரீகியில் பனியைக் கையில் அள்ள முடியுமா என்று மனைவி கேட்டால், அக்டோபரில் அதற்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பொறுத்தால் குளிர்காலத்தில் மியூனிக்கில் உங்கள் வாசலுக்கே வந்துவிடும்.

செலவைப் பார்ப்போம். மியூனிக்–லூசெர்ன் ரயிலுக்கு, முன்பே எடுத்தால், இருவருக்கும் போக, வர 220 யூரோ வையுங்கள். இரண்டு இரவு ஹோட்டல் 420 பிராங்க். பாஸ் மிக மலிவான விலையில் கிடைக்கவில்லை என்றே வைத்து இருவருக்கும் 140. சாப்பாடு 180, அதில் திருமண நாள் இரவு விருந்துக்கு 100, மீதி மிக்ரோஸ், கூப் சூப்பர் மார்க்கெட்டுகளில். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகளைத் தவிர. தெருக் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். லூசெர்னில் இரவு தங்குவோருக்கு நகரப் பஸ் இலவசம். அதற்கான அட்டையை ஹோட்டலில் கேட்டு வாங்குங்கள். எல்லாம் சேர்த்து ஆயிரம் யூரோவை ஒட்டி வரும். இந்த மாதம் முதல் ஆறு மாதம் 170 யூரோவைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடுங்கள்; 1,020 சேர்ந்துவிடும். அந்தத் திட்டத்தின் தவணைத் தொகையான 1,788 யூரோவோடு ஒப்பிட்டால் 768 யூரோ மிச்சம்; அந்தத் தொகையில் சாப்பாடுகூடச் சேரவில்லை. முக்கால் லட்சம் ரூபாயை ஒட்டி வரும் அந்தத் தொகையைக் கல்விக் கடனில் கட்டினால், வட்டியிலேயே ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் ரூபாய் குறையும்.

இன்னும் இரண்டு இடங்களில் பணம் சத்தமில்லாமல் போகும். கடையில் அட்டையைச் செருகியதும் இயந்திரம் பிராங்கில் ஒரு தொகை, யூரோவில் ஒரு தொகை என இரண்டு வரி காட்டும். தெரிந்த நாணயம் என்று விரல் யூரோவுக்குப் போகும். அதில் அவர்கள் வைக்கும் மாற்று விலை உங்களுக்குப் பாதகமானது. எப்போதும் பிராங்கையே அழுத்துங்கள். வெளிநாட்டு நாணயத்துக்கு உங்கள் வங்கி எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது என்பதையும் கிளம்பும் முன் பாருங்கள். அடுத்தது கைபேசி. ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் விதி சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த நாடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் எல்லை வருவதற்குள் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருப்பதால் தனி விசா தேவையில்லை. மனைவிக்கு அந்த அட்டை கைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் டிக்கெட் எடுக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். பயணத்தில் பாஸ்போர்ட்டும் உடன் இருக்கட்டும்.