பாதிக் குதிரை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

75 மி.மீ. அளவில் நெப்போலியன் காலத்து ஹுஸார் (இலகுரகக் குதிரைப்படை) வீரன் ஒருவனின் பொம்மையைச் செய்துகொண்டிருக்கிறேன். தரையில் நின்று குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறான். முழுக் குதிரையையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பீடம் இரண்டு மடங்காகிவிட்டது, ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் குதிரையின் முன்பாதியை மட்டும் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். "வேலைக்குச் சோம்பல்பட்டு வெட்டிவிட்டாய் என்றுதான் சொல்வார்கள்" என்கிறார் நண்பர். வைக்கலாமா? வைத்தால் எங்கே வெட்டுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாக வைக்கலாம். குதிரை பாதியாக இருப்பது யாரையும் உறுத்தாது. அது ஏன் அந்த இடத்தோடு நின்றுபோனது என்று புரியாவிட்டால் உறுத்தும்.

உங்கள் நண்பருக்கு ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலைக் காட்டுங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டு வேலை. அதன் கிழக்கு முகப்பு முக்கோணத்தின் ஒரு மூலையில் சூரியனின் தேர்க்குதிரைகள் எழுகின்றன, மறு மூலையில் நிலவுத் தெய்வத்தின் குதிரைகள் இறங்குகின்றன. மூலையில் இடமே கிடையாது. தலையையும் கழுத்தையும் மட்டும் செதுக்கி வைத்துவிட்டார்கள். முகப்பின் தரையே அடிவானம் ஆகிவிட்டது, மிச்சக் குதிரை அதற்குக் கீழே இருக்கிறது என்று தானாகப் புரிந்துவிடுகிறது. நிலவின் குதிரைகளில் ஒன்றின் தலை இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரவெல்லாம் ஓடிக் களைத்த குதிரை. அதன் தாடை முகப்பின் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும்படி வைத்திருந்தார்களாம். சோம்பேறி செதுக்குகிற மூக்கா அது?

சரி, உங்கள் ஹுஸாருக்கு வருவோம். லாயத்துக் கதவு, தண்ணீர், பீடத்தின் விளிம்பு என்று வெட்டுக்குப் பல காரணங்கள் சொல்லலாம். கதவு எளிது. கீழ்க்கதவு மூடியிருக்க, மேலே தலையும் கழுத்தும் வெளியே நீண்டால் போதும், உள்ளே மினுங்காத கறுப்பு அடித்துவிடலாம். தண்ணீர் என்றால் கலங்கல் நிறம் சேர்த்தே ஆக வேண்டும். தெளிந்த ரெசின் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றினால் வெட்டுவாய் அடியில் பளிச்சென்று தெரியும். உங்கள் வீரன் கடிவாளத்தோடு திறந்தவெளியில் நிற்கிறவன் என்பதால் நான் விளிம்பைத்தான் சொல்வேன். புகைப்படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிற ஆளை யாரும் ஊனம் என்று நினைப்பதில்லை, அதே கணக்குத்தான் இதுவும்.

ஆனால் விளிம்பு என்றால் விளிம்புதான். வெட்டுவாய் பீடத்தின் பக்கச் சுவரோடு ஒரே தளமாக, தடவிப் பார்த்தால் விரலில் தட்டாமல் இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நின்றாலும் குதிரை உடைந்துபோனது மாதிரி ஆகிவிடும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: முதலில் குதிரையைக் குறுக்கே நேராக வெட்டிவிட்டு, அப்புறம் பீடத்தில் சற்றுச் சாய்வாக நிறுத்துகிறார்கள். குதிரை சாய்ந்து நின்றால் வெட்டும் சாய்வாக வர வேண்டும். எனவே வெட்டாத குதிரையை நான்கு கால்களோடு பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, விளிம்பு உடலை எங்கே கடக்கிறதோ அங்கே சுற்றிவர மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு ரம்பத்தை எடுங்கள். வெட்டிய பிறகு கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாள் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுவாய்க்குப் பீடத்தின் பக்கச் சுவருக்குப் பூசும் அதே நிறம். சதை நிறம் பூசினால் ஹுஸார் கசாப்புக் கடை வாசலில் நிற்பான்.

எங்கே வெட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹுஸார் குதிரையில் ஷப்ராக் என்கிற நீளமான சேணவிரிப்பு இருக்கிறதே, எங்கே வெட்டினாலும் அது குறுக்கே வரும். இருக்கையின் நடுவே மட்டும் வெட்டாதீர்கள், பார்க்கிறவர் கண் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். இருக்கை முடிந்ததும், அங்கவடியும் அதன் வாரும் முழுசாக இந்தப் பக்கம் நிற்கிற மாதிரி வெட்டுங்கள். ஷப்ராக்கின் பின்முனையில் சின்னம் இருந்தால் அது போய்விடும். அந்த இழப்பு மனசுக்கு வரவில்லை என்றால் முழுக் குதிரையையே வையுங்கள், வேறு வழியில்லை.

முன்கால்கள் இரண்டுதான் இருப்பதால் உடல் பின்பக்கமாகத் தொங்கும். குளம்பு வழியாக மேலே தோள்வரை எஃகுக் கம்பி ஏற்றுங்கள். உயரத்தையும் இப்போதே சரிபாருங்கள். 75 மி.மீ. என்பது ஏறக்குறைய 1/24, அதாவது நிஜ அளவில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. குதிரைப்படைக் குதிரையின் தோள்மேடு (கழுத்து முதுகோடு சேரும் இடம்) 1.5 முதல் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 63 முதல் 67 மி.மீ. வரும், அதாவது வீரனின் கழுத்துக்கும் மூக்குக்கும் இடையில். குதிரை வேறொரு பெட்டியிலிருந்து வந்தது என்றால் இதை அவசியம் பாருங்கள்.

வெட்டியதால் வர்ணவேலை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். வயிறும் பின்தொடையும் போனால் பார்வைக்கு மிஞ்சுவது முகம்தான். கண்ணில் வெள்ளை வைக்காதீர்கள். மிரளாத குதிரையின் கண்ணில் வெள்ளை அநேகமாகத் தெரியாது, அடர்ந்த பழுப்பும் ஒரு துளி வார்னிஷும் போதும். அப்புறம் குதிரைத்தலை மனிதத்தலையைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் நீளம். இரண்டும் அருகருகே வந்தால் குதிரைதான் ஜெயிக்கும். அதைச் சற்றுத் தாழ்த்தி, மூக்கு வீரனைப் பார்க்கத் திருப்புங்கள், முகத்தில் அவனுக்குக் கொடுக்கிற அளவு வெளிச்சம் கொடுக்காதீர்கள்.

வெட்டியெடுத்த பின்பாதியைத் தூக்கிப் போட வேண்டாம், அதை வைத்து இன்னொரு காட்சி செய்யலாம். குதிரைப்படையில் லாடம் அடிக்கிறவர்கள் உண்டு. பின்னங்காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு, வால் பக்கம் முகம் காட்டிக் குனிந்து நிற்பார்கள். லாயத்தின் கதவுநிலை ஒன்றை வைத்தால் முன்பாதி உள்ளே இருப்பதாகிவிடும். ஒரு பின்னங்காலை மூட்டில் வெட்டித் திருப்ப வேண்டியிருக்கும். ஷப்ராக்கின் முனை அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் செதுக்கி எடுத்துவிடுங்கள்.