இப்ஸ்விச்சில் அடித்து நீக்கப்பட்ட பெயர்கள்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் பெரும்பாலான தொகுதிகளில் போட்டியே இல்லாமல் எம்.பி.க்கள் தேர்வானார்கள் என்று படித்தேன். அப்போது ஓட்டுரிமை யாருக்கு இருந்தது? போட்டி இல்லாத தேர்தல் வெறும் நாடகம்தானே? இதற்கா 'பார்லிமென்டுகளின் தாய்' என்று பட்டம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். சரியான நேரத்தில் கேட்டீர்கள்.

பட்டத்தை விடுங்கள், அது 1865இல் ஜான் பிரைட் என்ற ஆங்கில அரசியல்வாதி மேடையில் சொன்னது. ஓட்டுரிமை உங்கள் நோட்ஸிலேயே இருக்கும்: கவுண்டிகளில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பகுதிகளில், 1429ஆம் ஆண்டுச் சட்டப்படி வருஷத்துக்கு நாற்பது ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும். நகரங்களில் ஊருக்கு ஒரு வழக்கம்.

ஆனால் 'வெறும் நாடகம்தானே' என்று எழுதினீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. படித்த மறுநிமிடமே தீர்ப்பு எழுத யார் சொல்லிக்கொடுத்தார்கள் தம்பி? 1584இல் லெஸ்டர் பிரபு ஆண்டோவர் என்ற சிற்றூருக்குக் கடிதம் எழுதுகிறார். ஓர் இடத்துக்கு நான் சொல்லும் ஆளைப் போடுங்கள். இன்னொருவரை அனுப்பச் செலவாகும் என்றால் அதற்கும் நானே ஆள் தருகிறேன். இல்லையா, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள், நானே நிரப்பிக்கொள்கிறேன். அப்பட்டமான அதிகாரம்தான். ஆனால் ஊரின் கணக்கையும் பாருங்கள். உறுப்பினருக்கு நாளுக்கு இரண்டு ஷில்லிங் படி கொடுக்க வேண்டியது ஊர்தான். பிரபுவின் ஆள் அதைக் கேட்கமாட்டார். நாளைக்கு ஊருக்கு ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் லண்டனில் பேசப் பெரிய இடத்து ஆளும் இருப்பார். நாடகம் என்றால் இரண்டு பக்கமும் தெரிந்தே நடித்தார்கள்.

கவுண்டியில் வேறு கதை. தேர்தலை நடத்தும் அதிகாரியான ஷெரிஃப் முன்னால் கூட்டம் கூடிப் பெயரைக் கூவும். ஒரு பெயர் ஓங்கி ஒலித்தால் முடிந்தது; சந்தேகம் வந்தால்தான் தலை எண்ணுவார்கள். ஊர் பார்க்கத் தோற்பது குடும்பத்துக்கே அவமானம். அதனால் பெரிய மனிதர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். நம்மூரில் அன்னபோஸ்ட் ஆவதில்லையா, அப்படித்தான். எல்லாவற்றையும் கட்டிக்காத்தது கௌரவம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

எலிசபெத் காலம் முடிந்த பிறகு, 1640 அக்டோபர், சஃபோக் கவுண்டி, இப்ஸ்விச் நகரம். அங்கே நிஜமாகவே போட்டி. பார்னார்டிஸ்டன், பார்க்கர் என்ற இரண்டு நைட்டுகள் ('சர்' பட்டக்காரர்கள்) ஒருபக்கம், ஹென்றி நார்த் எதிர்ப்பக்கம். மேஜைகள் போட்டுக் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சத்தியம் வாங்கி ஓட்டைப் பதிகிறார்கள். தங்கள் பெயரில் நிலம் வைத்திருந்த, கணவன் இல்லாத சில பெண்களும் வருகிறார்கள். குமாஸ்தாக்கள் அவர்களிடமும் சத்தியம் வாங்கிப் பதிந்துகொள்கிறார்கள். ஷெரிஃப் சர் சைமண்ட்ஸ் டியூஸுக்குச் செய்தி போகிறது. உடனே ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்கிறார். எண்ணும்போது, அந்த இரண்டு நைட்டுகளின் சம்மதத்தோடு, பெண்களின் ஓட்டுகளைக் கழித்துவிடுகிறார்கள்.

அந்த நிகழ்ச்சி பற்றிய குறிப்பு என்ன சொல்கிறது தெரியுமா? சட்டப்படி அந்த ஓட்டுகளை ஏற்றிருக்கலாமாம். ஆனால் பெண்களின் குரலைப் பயன்படுத்துவது கனவான்களுக்குத் தகாத, கௌரவக் குறைச்சலான காரியமாம். நாற்பது ஷில்லிங் நிபந்தனை அந்தப் பெண்களைத் தடுக்கவில்லை, பிரபுக்களின் மிரட்டலும் தடுக்கவில்லை. நாகரிகம் தெரிந்த ஒரு மனிதரின் கூச்சம் தடுத்தது.

இதே கௌரவம் 1572இல் எய்ல்ஸ்பரியில் எங்கே போயிற்று? அந்த ஊரின் பண்ணை உரிமை டொரதி பாக்கிங்டன் சீமாட்டியிடம் இருந்தது; கணவர் இறந்துவிட்டார். 'என் ஊரின் உறுப்பினர்களாக இவர்களைத் தேர்ந்தெடுத்தேன்' என்று இரண்டு பெயரைத் தன் பேரிலேயே எழுதிக் கொடுத்தார். அந்த இருவரும் சபையில் போய் உட்கார்ந்தார்கள். பண்ணைக்காரி ஊரையே எழுதிக்கொடுக்கலாம். நாற்பது ஷில்லிங்காரி ஓர் ஓட்டுப் போட்டால் மானம் போய்விடும்!

டியூஸ் அயோக்கியர் இல்லை. அதே பார்லிமென்டில் தானும் உறுப்பினராகி, அங்கே நடந்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்த படிப்பாளி. அயோக்கியராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. வாக்காளர் 'ஆண்' என்று சட்டத்தில் எழுதும் அவசியமே 1832 வரை அவர்களுக்கு வரவில்லை.