கொண்டோ வாங்கலாமா? சமையலறையைப் பார்க்கும் முன் சேமநிதியைப் பாருங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். நாங்கள் இருவர், ஒரு மகள், ஊரிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் அம்மா. தனி வீடு கைக்கு எட்டவில்லை. இரண்டு கொண்டோக்களை (தொடர்மாடிக் கட்டடத்தில் சொந்தமாக வாங்கும் வீடு) பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 1970களில் கட்டிய தொடர்மாடி. 1,100 சதுர அடி, மாதப் பராமரிப்புக் கட்டணம் 950 டொலர். மற்றது புதிய கட்டடம். ஒரு படுக்கையறையும் ஒரு டென்னும் (படிப்பறை போன்ற சிறு அறை), 620 சதுர அடி, கட்டணம் 430 டொலர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "950 டொலர் ஒவ்வொரு மாதமும் தண்ணீரில் போடுகிற காசு" என்கிறார்கள் உறவினர்கள். எதை வாங்கலாம்? அல்லது வாங்கவே வேண்டாமா?
– ஸ்காபரோ வாசகி

பதில்: முதலில் அந்த உறவினர்களிடம், அவர்கள் வீட்டுக் கூரையை மாற்றியபோதும் ஃபர்னஸ் பழுதானபோதும் யார் காசு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பனி அள்ளிய முதுகு யாருடையது என்றும் கேட்கலாம். தனி வீட்டிலும் பராமரிப்புச் செலவு உண்டு; அது மாதாமாதம் ரசீதாக வருவதில்லை, அவ்வளவுதான். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு அடமானத்தில் ஒரு பங்கை அடைக்கும் வசதி கொண்டோவில் கிடையாது என்பது மட்டும் உண்மையான இழப்பு.

கட்டணத்தைச் சதுர அடிக்குப் பிரித்துப் பார்த்தால், பழையதில் ஏறத்தாழ 86 சதம், புதியதில் 69 சதம். பழைய தொடர்மாடிகளில் வெப்பமூட்டல், தண்ணீர், பல இடங்களில் மின்சாரமும் இந்தக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். புதியவற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர், தனி ரசீது. எது எது அடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள். புதிய கட்டடத்தின் கட்டணம் குறைவாக இருப்பதிலும் மயங்க வேண்டாம். முதல் ஆண்டின் வரவுசெலவைப் போடுபவர் கட்டிய நிறுவனத்தார். அந்த ஆண்டில் விழும் துண்டை அவரே நிரப்ப வேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகு கட்டணம் ஏறுவதுதான் வழக்கம்.

இனி முக்கியமான விடயம். கொண்டோவில் நீங்கள் வாங்குவது நான்கு சுவர்களுடன் அந்தக் கட்டடத்தின் வரவுசெலவில் ஒரு பங்கையும் சேர்த்துத்தான். அந்தக் கணக்கு ஸ்டேட்டஸ் சான்றிதழில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு கொண்டோமினியம் சட்டத்தின்படி, கேட்டுப் பணம் கட்டிய 10 நாட்களுக்குள் நிர்வாகம் அதைக் கொடுக்க வேண்டும். 100 டொலருக்கு மேல் வாங்க முடியாது. விற்பவர் வைத்திருக்கும் கட்டண பாக்கி, சேமநிதியின் (பெரிய திருத்த வேலைகளுக்காகச் சேர்த்து வைக்கும் பணம்) இருப்பு, நடக்கும் வழக்குகள், வரவிருக்கும் சிறப்பு அறவீடு (மாதக் கட்டணத்துக்கு மேல் உரிமையாளர்களிடம் வாங்கும் பணம்) எல்லாம் அதில் தெரியவரும். அதை நம்பி வாங்குபவர் விடயத்தில், எழுதிக் கொடுத்ததற்கு நிர்வாகம் கட்டுப்பட்டது. உங்கள் சட்டத்தரணி அதைப் படித்துச் சரி என்று சொன்ன பிறகே கொள்முதல் உறுதியாகும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போடுங்கள். போட்டியில் முந்துவதற்காக இந்த நிபந்தனையை விட்டுவிடச் சொல்லும் முகவர்கள் உண்டு. அப்படிச் சொல்பவரையே நான் விட்டுவிடுவேன்.

1970களின் கட்டடம் என்றால் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். குளிர்காலத்தில் கார்கள் சுமந்துவரும் உப்புநீர் கொங்கிரீட்டுக்குள் ஊறி உள்ளிருக்கும் இரும்பை அரிக்கும். அதைத் திருத்துவது பெருஞ்செலவு. ஜன்னல்கள், கொதிகலன், லிஃப்ட் ஆகியவை எப்போது மாற்றப்பட்டன? இவற்றுக்கெல்லாம் போதிய சேமிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே மூன்றாண்டுக்கு ஒரு முறை சேமநிதி ஆய்வு நடக்கிறது. நிதி போதவில்லை என்றால் நிர்வாக சபை உரிமையாளர்களின் வாக்கெடுப்பு இல்லாமலே சிறப்பு அறவீடு விதிக்கலாம். கட்ட முடியாது என்று இருந்துவிடவும் முடியாது. உங்கள் வீட்டின் மீது லீன் (பாக்கிக்காக வீட்டின் மேல் வைக்கும் சட்டப்பிடி) பதிவாகும். அது வங்கியின் அடமானத்துக்கும் முந்தி நிற்கும். 950 டொலர் வாங்கிச் சேமநிதியை நிரப்பி, தரிப்பிடத்தையும் திருத்தி முடித்த கட்டடம், 600 டொலர் வாங்கி எதையும் தொடாத கட்டடத்தைவிட எவ்வளவோ மேல்.

அம்மா வந்திருக்கிறார் என்றீர்கள். ஆகவே கருவாட்டைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2022 ஜனவரி முதல், நியாயமான அளவை மீறும் சத்தத்தைப் போலவே மணம், புகை ஆகியவை பற்றிய தகராறுகளும் கொண்டோத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தாளிக்கிற மணமெல்லாம் குற்றமாகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி புகையைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி வீட்டுக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று போட்டுப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் போய் நடைவழியில் நின்றால் அண்டை வீடுகளின் சமையலும் சத்தமும், லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரமும் தெரிந்துவிடும். பகலில் முகவருடன் போகும்போது இவை எதுவும் தெரியாது.

காப்புறுதியிலும் ஒரு பொறி இருக்கிறது. நிர்வாகத்தின் காப்புறுதி கட்டடத்துக்கு உரியது. உங்கள் குழாய் கசிந்து கீழ்வீடு நனைந்தால், அந்தக் காப்புறுதியின் விலக்குத் தொகை (நட்டத்தில் காப்புறுதி நிறுவனம் ஏற்காத முதற்பங்கு) உங்கள் தலையில் விழலாம். அது பல்லாயிரம் டொலராக இருப்பதும் உண்டு. அதையும் ஏற்கும் வீட்டுக் காப்புறுதியாகப் பார்த்து எடுங்கள்.

என் முடிவு: நான்கு பேருக்கு 620 சதுர அடி போதாது. ஜன்னல் இல்லாத டென்னில் அம்மாவைப் படுக்க வைக்கப் போகிறீர்களா? சான்றிதழ் சுத்தமாக வந்தால் பழைய தொடர்மாடியை வாங்குங்கள். வராவிட்டால் அதே வயதுடைய வேறு கட்டடத்தைத் தேடுங்கள். கையிருப்பைக் கணக்கிடும்போது ரொறன்ரோ எல்லைக்குள் நிலமாற்ற வரி மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று இருமுறை வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வீடு வாங்குபவருக்கு முறையே 4,000 டொலர், 4,475 டொலர் வரை கழிவு உண்டு. மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் போனால் நகர வரி இல்லை.

கேள்வி: இன்னும் கட்டத் தொடங்காத கொண்டோ ஒன்றுக்கு விற்பனை நிலையத்தில் கையெழுத்து வைத்து ஆறு நாட்களாகின்றன. இப்போது மனம் ஒப்பவில்லை. பணம் போய்விடுமா?
– மார்க்கம் வாசகர்

பதில்: போகாது. நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்கும் புதிய கொண்டோவுக்கு 10 நாள் மீட்சிக் காலம் உண்டு; அதற்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லவே வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த கொண்டோவை வாங்கியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

தொடர்வது என்று முடிவு செய்தால் இரண்டு விடயங்களை அறிந்துகொண்டு தொடருங்கள். கட்டடம் சட்டப்படி கொண்டோவாகப் பதிவாகும் முன்பே குடிபோகச் சொல்வார்கள். அந்த இடைக்காலத்தில் மாதாமாதம் கட்டும் பணத்தில் ஒரு சதம்கூட உங்கள் அடமானத்தைக் குறைக்காது. மேலும், உறுதி முடித்து வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளில் வங்கி அன்றைய மதிப்பைப் பார்த்தே கடன் தரும். 2022இன் உச்ச விலையில் ஒப்பந்தம் போட்ட பலர், மதிப்பு இறங்கியதால் விழுந்த துண்டைக் கையிலிருந்து போட வேண்டியிருந்தது.

விலகுவதானால் தொலைபேசியில் சொல்வது போதாது. பத்தாவது நாளுக்கு முன் எழுத்தில், இயன்றால் சட்டத்தரணி மூலமாக அறிவித்து, அவர்களுக்குக் கிடைத்ததற்கான அத்தாட்சியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.