‘மனசு சரியானதும் செய்கிறேன் ஆச்சி’: செட்டிநாட்டுக் கேள்விகளும் என் பதில்களும்

அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் 28 வருஷம் செவிலியராக இருந்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை பேர் மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது. பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். இவ்வளவு பெரிய வீட்டில் நானும் வீட்டுக்காரியும்தான். பகலெல்லாம் டிவி, பொழுது சாய்ந்தால் மனசு கனத்துப் போகிறது. எதிலும் பிடிப்பில்லை. (கானாடுகாத்தான்)

அண்ணே, உங்கள் வீடு இரண்டு பேருக்காகக் கட்டியதில்லை. நடுமுற்றமான வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஜோடிக்கும்) ஓர் அறை, விசேஷம் என்றால் பந்தி பந்தியாக இலை போட இடம் என்று கணக்குப் பண்ணிக் கட்டியது. அதில் இரண்டு பேர் பேசினால் எதிரொலிதான் மிஞ்சும். முதலில் வீட்டைச் சுருக்குங்கள். நான் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டைப் பூட்டிவிட்டு முகப்பு, ஓர் அறை, அடுப்படி என்று புழங்குகிறேன். மாதம் ஒருநாள் திறந்து பெருக்கினால் போதும். பூட்டிய அன்று அழுகை வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் வீடு நம் அளவுக்கு வந்துவிட்டது.

டிவியை அணைக்கச் சொல்லமாட்டேன். காலை ஆறரைக்குத் திண்ணையில் வந்து உட்காருங்கள், காபியும் அங்கேயே. வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் அன்றைய நாளைத் தொடங்குகிறது. ராத்திரி தூக்கம் நேரத்துக்கு வருவதும் அதையொட்டித்தான். நம் வீடுகளில் வெயிலுக்குப் பயந்து கட்டிய உள்ளறைகள் பகல் பத்து மணிக்கும் மங்கலாகவே இருக்கும். நாள் முழுக்க அதற்குள்ளேயே கிடந்தால் உடம்புக்குப் பகல் எது, இரவு எது என்று பிடிபடாது. திண்ணையில் இருந்தால் போகிற வருகிற நாலு பேர் ‘என்ன அண்ணே, சௌக்கியமா’ என்று கேட்பார்கள். அதுவும் மருந்துதான்.

பிடிப்பு வந்தால் வெளியே போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அது முன்னால் வராது, செய்ய ஆரம்பித்துச் சில நாள் கழித்துப் பின்னால் வரும். மனச்சோர்வுக்குச் செய்கிற சிகிச்சைகளில் ஒன்றே இதுதான்: மனசு எப்படி இருந்தாலும் இந்த நேரத்துக்கு இந்தக் காரியம் என்று எழுதிவைத்துச் செய்யவைப்பது. ‘மனசு சரியானதும் செய்கிறேன் ஆச்சி’ என்று வார்டில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! செய்தவர்களுக்குத்தான் சரியானது.

பிள்ளைகளோடு பேச நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஆறரை என்றால் அங்கே ஒன்பது, இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். எப்போது கூப்பிடுவார்களோ என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதிகமாக நோகடிக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாளும் இப்படியே இருந்து, சாப்பாடும் தூக்கமும் குறைந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவும் இதே முகத்தோடு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கேள்வி: படுத்து ஒரு மணி நேரம் ஆகியும் தூக்கம் வருவதில்லை. சாயங்காலம் ஆறு மணி காபியை மட்டும் என்னால் விட முடியாது. (தேவகோட்டை)

அந்தக் காபியைத்தான் விடவேண்டும் அம்மா. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பதினோரு மணிக்கு நீங்கள் படுக்கும்போது பாதிக் காபி உள்ளே விழித்துக்கொண்டிருக்கும். மதியம் இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் சுக்கு மல்லி குடிக்கலாம். இருபது நிமிஷம் போலப் புரண்டும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் திரும்பிப் போங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். எப்போது தூங்கினாலும் எழுகிற நேரம் மட்டும் மாறக்கூடாது.

கேள்வி: தூக்கத்துக்காக ஒரே ஒரு பெக்?

தூக்கத்தைக் கொண்டுவந்து விடும், பின்னிரவில் அதுவே கலைத்தும் விடும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் இதைப் படித்துவிட்டு நாளையே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கோலம் போடுவதில்லை. சின்ன விஷயந்தான், ஆனால் அதிலிருந்து எதுவோ விட்டுப்போன மாதிரி இருக்கிறது. (கொத்தமங்கலம்)

சின்ன விஷயமில்லை ஆச்சி. விடியலில் எழுந்திருப்பது, வாசல் காற்று, உடம்பு வளைவது, கை ஓட ஓட மனசு அதோடு போவது, எதிர்வீட்டுக்காரியோடு ரெண்டு பேச்சு. இத்தனையும் ஒரு பிடி மாவில் இருந்தது. ஒன்று போனதும் ஐந்தும் போய்விட்டன.

ஒவ்வொன்றாக மீட்கலாம். எழுகிற நேரத்தை மாற்றாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பேத்தியோ வேலைக்கு வருகிற பெண்ணோ மாவு போடட்டும், நீங்கள் சொல்லிக்கொடுங்கள். நடுவீட்டுக் கோலம் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள், உங்களோடு போகவேண்டாம். கைக்கு வேலை வேண்டுமென்றால் பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) பின்னலாம். நான் பழகி மூன்று வருஷமாகிறது, இன்னும் மூலை சரியாக வரவில்லை. ஆனால் ஓலையை மடக்குகிற நேரத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கு அது போதும்.

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். புத்தகத்தைத் திறந்தாலே, போன தடவை மாதிரிப் போய்விடுமோ என்று நெஞ்சு படபடக்கிறது. (காரைக்குடி)

கவலைப்படாதே என்று சொன்னால் யாருக்குக் கவலை நின்றிருக்கிறது தம்பி? அதற்கு ஒரு நேரம் ஒதுக்கு. தினமும் ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிஷம், ஒரு நோட்டு. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு, ‘அஞ்சு மணிக்கு வா’ என்று அனுப்பிவிடு. ஐந்து மணிக்குப் பார்த்தால் பாதி வரிகள் அசட்டுத்தனமாகத் தெரியும். மீதியில் ‘கணக்குப் பகுதி வரவில்லை’ என்பது போலச் செய்யக்கூடிய காரியம் ஒன்றிரண்டு இருக்கும். படபடப்பு வந்தால் நாலு எண்ணும்வரை மூச்சை இழு, ஆறு எண்ணும்வரை விடு, ஐந்து நிமிஷம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு நிதானப்படும்.

கேள்வி: தியான ஆப்புக்குப் பணம் கட்டலாமா?

கட்டுங்கள், பயன்படுத்தினால். எனக்குத் தெரிந்த பலர் கட்டியதோடு சரி.

கேள்வி: தம்பி வியாபாரத்தில் நஷ்டப்பட்டான். ‘நான் இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி’ என்கிறான். பேச்சுக்குச் சொல்கிறானா, என்ன செய்ய? (புதுவயல்)

பேச்சுக்கு என்று விட்டுவிடாதீர்கள். தனியாக உட்காரவைத்து, ‘சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். புத்தி சொல்லவேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். வீட்டில் பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகள் இருந்தால் இன்றைக்கே அகற்றுங்கள். அந்த ஒரு வேகம் கடந்துபோக நேரம் கொடுத்தால் பலர் தப்பிவிடுகிறார்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் ஆலோசகர்கள் 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம். ஏதாவது செய்துகொள்வான் என்று பட்டால் தனியாக விடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு மனச்சோர்வுக்கு மாத்திரை தந்திருக்கிறார்கள், பத்து நாளாகிறது, ஒரு மாற்றமும் இல்லை. ‘பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்தால் சரியாகிவிடும், மாத்திரையை நிறுத்து’ என்கிறார் மாமியார்.

இழை எடுங்கள். சொந்தபந்தம் கூடி, 21 நாளையும் 21 நூலிழையாக எண்ணித் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற நோன்பு அது. வருஷம் முழுக்கப் பார்க்காதவர்களை அன்றைக்குப் பார்ப்போம், அதனால் மனசுக்கு நல்லதுதான். மாத்திரைக்கும் அதே பொறுமை வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரமும் ஆகும். பத்து நாளில் முடிவு கட்டாதீர்கள். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்துவதானால் டாக்டர் சொல்படி மெதுவாகக் குறைத்துத்தான். மாமியாரையும் அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் ஒத்துக்கொள்வார், என் மாமியாரும் அப்படித்தான்.

கேள்வி: தினமும் ஊருணியைச் சுற்றி நடக்க ஆசை. நாய்த் தொல்லை.

நடையை விடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரை மணி. ஒரு துணையும் கையில் ஒரு குச்சியும் வைத்துக்கொள்ளுங்கள், குச்சியை ஓங்கவேண்டாம். துரத்தினால் ஓடாதீர்கள், நில்லுங்கள். ஒரு வாரத்தில் அவற்றுக்கு உங்களைப் பழகிவிடும். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள்.